சிவப்புக் கயிறு

"பழுது கண்ணில பட்டா யார் வேணும்னாலும் இதை இழுத்து பெல்ட்டை நிறுத்தலாம். ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நம்ம கம்பெனியோட பண்பாடே அதுதான் மேடம்" என்றார் நிர்வாக இயக்குநர் ஞானசிகாமணி. போர்டில் புதிதாகச் சேர்ந்திருந்த சுகந்தி அண்ணாந்து பார்த்தாள். மாம்பழக்கூழ் டின்கள் ஊர்ந்துபோகும் பெல்ட்டின் நீளத்துக்கும், கைக்கு எட்டும் உயரத்தில் அந்தச் சிவப்புக் கயிறு ஓடியது. தூண், சுவிட்ச் எல்லாவற்றிலும் கைபட்ட அழுக்கு. கயிறு மட்டும் வாங்கி வந்த மாதிரியே பளிச்சென்றிருந்தது.

"கடைசியா எப்போ இழுத்தாங்க?"

"தேவையே வரலை மேடம்." சிரித்துவிட்டு அவர் மற்ற இயக்குநர்களோடு முன்னே நடந்தார்.

சுகந்தி பின்தங்கி, பெல்ட்டருகே நின்ற பெண்ணிடம் கேட்டாள். "நீங்க இழுத்திருக்கீங்களாம்மா?"

அந்தப் பெண்ணின் பார்வை பெல்ட்டுக்குப் போனது. மூடி சரியாகப் பொருந்தாமல் கூழ் கசியும் டின் ஒன்று அவர்கள் எதிரே நகர்ந்துபோனது. இருவருமே அதைப் பார்த்தார்கள். சுகந்தி எட்டிக் கயிற்றை இழுத்தாள்.

பெல்ட் நின்றது.

"எவன்டா அது?"

ஞானசிகாமணிதான். போர்டு மீட்டிங்கில் அவள் கேட்டிராத குரல். வரிசை முழுக்க ஆட்கள் ஓரடி பின்வாங்கி, நான் தொடவில்லை என்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்கள். கசிந்த டின்னை யாரும் பார்க்கவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் பார்வை தன் முகத்துக்கு வந்தபோதுதான் சுகந்தி கவனித்தாள். தன் கைகளும் மேலேதான் இருந்தன.