மூன்றாம் பாகத்தில் தங்கை சாகவில்லை

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அந்த உயரமான பையன் புத்தகத்தைப் படிக்கவே இல்லை. அதை நிரூபிக்க வக்கீலுக்கு மூன்று நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. எதிரில் ஆள் இல்லாவிட்டால் சுவரோடாவது வாதாடுவாள் என்பதால் வாசகர் வட்டம் வைத்த பெயர்.

வட்டத்தில் ஆறு பேர். டிராகன், மந்திரவாதி, சாபம் வாங்கிய இளவரசி என்று இளசுகளுக்காக எழுதப்படும் தடித்தடிக் கதைகள்தான் அவர்களுக்குத் தீனி. ஒரே பிரதி கைமாறிக் கைமாறி ஆறு பேரையும் சுற்றி வரும். பிறகு ஒரு சனிக்கிழமை கேன்டீன் மூலையில் உட்கார்ந்து அதைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். ஒரே ஒரு சட்டம். படித்து முடிக்காமல் வந்து கருத்துச் சொல்கிறவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. சட்டத்தைப் போட்டதும் வக்கீல்தான்.

இந்த முறை மூன்றாம் பாகம். அக்கா டிராகன் மேல் ஏறி ராஜ்யத்தைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் தங்கை செத்துப்போகிறாள்.

"அறுநூறு பக்கம் எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு, ஒரு சின்னப் பொண்ணைக் கொல்லாம கதையை முடிக்கத் தெரியலையா? பதினாறு வயசுல ராஜ்யத்தையே காப்பாத்தறாளாம். ரெண்டு பசங்கள்ல எவனைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல மட்டும் அஞ்சு பாகம் வேணுமாம்" என்று ஆரம்பித்து வைத்தாள் வக்கீல்.

மற்றவர்களும் விடவில்லை. கதையில் மூளை உள்ள ஒரே ஜீவன் டிராகன்தான் என்றாள் ஒருத்தி. கதாநாயகனின் கண் நிறத்துக்கே நாற்பது பக்கம் போய்விட்டது என்று கணக்குச் சொன்னான் இன்னொருத்தன்.

நெட்டையின் முறை வந்தது.

"கடைசியில தங்கச்சி கண்ணைத் தொறந்து, பசிக்குதுன்னு சொல்றா பாருங்க. அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது" என்றான்.

எல்லோரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"எந்தப் புத்தகத்துல?" என்றாள் வக்கீல்.

அவன் முகம் வெளுத்தது. ஏதோ குழம்பிவிட்டதாக முணுமுணுத்தான். வக்கீல் சும்மா இருப்பாளா? மூன்று பக்கத்துக்குச் சிதை எரிகிறது, நாடே அழுகிறது, டிராகனும் அழுகிறது, அதற்குப் பிறகு யாருக்கு ஐயா பசிக்கும் என்று கேட்டு அவனை வறுத்து எடுத்தாள். படிக்காமல் பேசுகிறவர்களால்தான் உலகமே கெட்டுப்போகிறது என்று முடித்தாள். ஓட்டெடுப்பு நடந்தது. அவனுக்கு ஆதரவாக ஒரு கைகூட உயரவில்லை.

"நான் வட்டத்துக்கு வரலை. நாலாம் பாகம் மட்டும் குடுங்க, போதும்" என்று கெஞ்சினான்.

மூன்றாம் பாகத்தையே அவன் இன்னும் திருப்பித் தரவில்லை. அதை வாங்கத் திங்கட்கிழமை காலை வக்கீலே அவன் வீட்டுக்குப் போனாள்.

அவன் வகுப்புக்குக் கிளம்பிப் போயிருந்தான். முன்னறையில் தையல் மெஷின். கழுத்தில் இஞ்ச் டேப்போடு அவன் அம்மா பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். வக்கீல் யாரென்று தெரிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிவதால் மகன்தான் தினமும் சாயங்காலம் படித்துக் காட்டுகிறானாம். முதல் பாகத்தில் அந்த வெள்ளைக் குதிரை செத்தபோது அவளுக்கு இரண்டு நாள் வேலையே ஓடவில்லையாம். யாருடைய சட்டைக்கோ இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டாளாம்.

"நல்லவேளை, அடுத்த வாரமே அந்தக் குதிரை பொழைச்சு வந்துடுச்சு" என்றாள்.

எந்தக் குதிரையும் பிழைத்து வரவில்லை. வக்கீலுக்குத் தெரியும். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்பதும் இப்போது புரிந்தது. அம்மாவிடம் சொல்லிச் சொல்லி, எது புத்தகத்து முடிவு, எது தன் முடிவு என்று அவனுக்கே குழம்பியிருக்கிறது.

"நாலாம் பாகம் எப்பம்மா வரும்? கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறான்."

 அடுத்த வாரம் அவன் கையிலேயே கொடுத்தனுப்புவதாக வக்கீல் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தத் தங்கச்சிப் பொண்ணு நிஜமாவே பொழைச்சிட்டாளா? இல்ல, என் மனசுக்காக அவன் மாத்திச் சொல்றானா?"

வாழ்க்கையில் முதல்முறையாக வக்கீலுக்கு வாதம் வரவில்லை. பொய்தான் வந்தது. அதுவும் பக்க எண்ணோடு வந்தது.

"பொழைச்சிட்டா ஆன்ட்டி. ஐநூத்தி எண்பதாம் பக்கம். எழுந்து உக்காந்து பசிக்குதுன்னு சொல்றா. நானே படிச்சேன்."

 அம்மா மெஷின் டிராயரைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். துணிக்குவியலுக்குள் கிடந்த புத்தகத்தை எடுத்து, தேவையான பக்கத்தை ஒரே புரட்டலில் திறந்தாள்.

"ஐநூத்தி எண்பதுல அவளை எரிச்சே முடிச்சுடறாங்கம்மா" என்று சொல்லிப் புத்தகத்தை வக்கீலின் கையில் வைத்தாள். "நான் கண்ணாடி வாங்கி ஒரு வருஷமாச்சு. அவன்கிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா, நீயே படிச்சுக்கோன்னு எழுந்து போயிடுவான்."