ஃபைன் நிப்பு

“நல்லாப் பட்டையா விழுகுற பேனாவாக் குடுங்க. தங்கச்சி கையெழுத்துப் போடப் போகுது” என்றான் நாகராசு, கீழ ராஜ வீதியில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி.

செவந்தி பேனாக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பத்திர ஆபீஸ். அரிமளத்தில் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். பதிலுக்கு ஒரு பட்டுச்சேலை. அதை வாங்கிக் காரில் போட்டாயிற்று.

கூடவே ஒரு மைப்பேனாவும் வேண்டும் என்றாள். நாகராசுவுக்குச் சிரிப்பு வந்தது. தோப்பைக் கேட்காமல் பேனாவைக் கேட்கிறாளே, வாங்கிக் கொடுத்தால் போகிறது.

கடைக்காரர் முதலில் தடித்த நிப்பை நீட்டினார். தாளில் வழுக்கிக்கொண்டு ஓடியது. கையெழுத்து கலெக்டர் போட்டது மாதிரி விழுந்தது. அதற்குக் கீழே தன் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதினாள். சுழியெல்லாம் மை அடைத்துக்கொண்டது. எழுதியது அவளுக்கே விளங்கவில்லை.

மீடியம் பரவாயில்லை. ‘ண’வுக்கு மட்டும் மூச்சு முட்டியது.

அடுத்தது ஃபைன். தாளின் சொரசொரப்பு விரல் வரைக்கும் ஏறியது. அழுத்தினால் கீறியது. கையைத் தளர்த்தினாள். ஒவ்வொரு சுழியும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றது.

“கையெழுத்துக்கு இது எடுப்பா இருக்காதும்மா. பக்கம் பக்கமா எழுதுறவங்க வாங்குறது” என்றார் கடைக்காரர்.

“இதுதாங்க வேணும்.”

நாகராசு பணத்தைக் கொடுத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தான். “ஒத்தக் கையெழுத்துக்கு எதுவா இருந்தா என்னத்தா. வா, நேரமாச்சு.”

அவள் நகரவில்லை. பேனாவை நிதானமாக மூடினாள்.

“கையெழுத்துன்னு சொன்னது நீதாண்ணே. தோப்புப் பட்டாவுல எம்பேரையும் சேக்கச் சொல்லி தாசில்தாருக்கு மனு எழுதணும். வாசிக்க முடியலன்னு யாரும் திருப்பி அனுப்பிரக் கூடாது பாரு.”

பட்டுச்சேலை காரிலேயே கிடந்தது.

பேனாவை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள். பிறந்த வீட்டுச் சீர், வேண்டாம் என்று சொல்லலாமா.