ஏழாவது உறை

நானூறு வருடக் குடும்ப முத்திரை மோதிரம் புடாபெஸ்ட் சந்தையில் இரண்டு கிலோ பன்றிக்கொழுப்புக்குப் போனது. விற்றவள் ஹெட்விக் சீமாட்டி.

போர் முடிந்தும் திரும்பாத மகனுக்கு, "வீட்டுக்கு வா" என்று ஆறு கடிதம் எழுதியிருந்தாள். உறையில் 'பிரபு' என்று போட்டிருந்ததால் ஆறும் திரும்பி வந்தன.

"ரஷ்யப் போர்முனையில, டான் நதிக்கரையில அவரை மோதிரத்தோட புதைச்சதே நான்தான், சீமாட்டியம்மா," என்றான் தபால்காரன் கெர்கெய். "எழுதித்தான் தீருவேன்னா பட்டத்தை எடுத்துடுங்க. இப்ப சட்டத்துல பிரபுவே கிடையாது."

"வெறும் பேர் போட அவன் என்ன உன் பங்காளியா?"

பிறகு பசி வந்தது. ஏழாவது உறையில் வெறும் பெயர்தான் இருந்தது. உள்ளே, "மோதிரத்தை அனுப்பு" என்று மட்டும் எழுதினாள்.

மோதிரம் வந்தது, மகன் கையெழுத்தில் ஒரு சீட்டோடு: "அம்மா, கேட்டது அனுப்பிவிட்டேன். பாக்கி ஒன்றுமில்லை."

வா என்று கேட்ட ஆறும் பிரிக்கப்படாமல் அவள் மேசையில் கிடந்தன.