ஏசி போட்ட அம்பாசடர்

சித்திரை வெயிலில் விருத்தாசலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. வேளாங்கண்ணிக்குப் புறப்பட்ட பழைய அம்பாசடரில், தானே பார்த்துப் பார்த்துப் பொருத்திய ஏசியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் ஜோஸ்பின். "நிறுத்திடு ஜோஸ்பின், இஞ்சின் கொதிச்சுடும். இந்த வண்டி தாங்காது" என்கிறான் பக்கத்தில் கணவன் வளன். அவள் சூடு காட்டும் முள்ளையே பார்க்கிறாள். அது சிவப்புக் கோட்டருகே ஏறி நடுங்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் அவள் கூடுதலாக வைத்த விசிறி உறுமத் தொடங்க, முள் மெல்ல இறங்குகிறது. கூட்ஸ் வண்டி தடதடத்துக் கடக்கிறது. ஏற்றிவிட்ட கண்ணாடிகளைப் பார்த்துப் பைக்கில் நிற்பவர் புருவம் உயர்த்துகிறார். ஜோஸ்பின் நிமிர்ந்து உட்காருகிறாள். கேட் திறக்கிறது. வளன் துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொள்கிறான். "கொஞ்சம் கொறைச்சி வையேன், குளுருது." சிரித்தபடியே கியரைப் போடுகிறாள், குறைக்கவில்லை.