கல்யாண நாள் சமையல்

பெற்ற தாயைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, பெண்டாட்டிக்காக அடுப்படியில் நிற்கிறவனை ஊர் சும்மா விடுமா? மணலியில் அந்த மாடிக் குடித்தனத்தின் பக்கத்து வீட்டுப் பூமாரி விடவில்லை. படியிறங்கிக்கொண்டிருந்த கோவிந்தம்மாவை நிறுத்தியே கேட்டுவிட்டாள்.

"இன்னாக்கா, உம் புள்ள கரண்டி புடிக்கிறான். உனக்கு ஒரு தபா சுடுதண்ணி வெச்சிக் குடுத்திருப்பானா?"

கோவிந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மீதிப் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் முகமே சரியில்லை என்று பூமாரி பிறகு நாலு பேரிடம் சொன்னாள்.

கோவிந்தம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம். முட்டிவலி அதிகமாகி, மகன் வெற்றியின் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே புலம்பல், வாடை தாங்கவில்லை என்று. சாயங்காலமானால் ஏதாவது ஒரு கம்பெனியிலிருந்து காஸ் வாடை வரும், ஜன்னலைச் சாத்தினால் தீர்ந்தது என்று மருமகள் சௌமியா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். மீன் கூடையோடு வாழ்ந்தவளுக்கு இது நாற்றமாம் என்று வெற்றி கிண்டல் செய்வான். அந்தத் தெருக்காரர்கள் யாரும் அதை ஒரு வாடையாகவே நினைப்பதில்லை.

ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான் வீடு. கட்டில் அம்மாவுக்கு, தரை இவர்களுக்கு. முதல் கல்யாண நாளிலாவது புருஷனோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சௌமியா அழாத குறையாகக் கேட்டாள். பெட்ரோல் டேங்கர் லாரி ஓட்டுகிற வெற்றி லீவு போட்டுவிட்டுச் சமையலில் இறங்கினான்.

வண்ணாரப்பேட்டை துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு அவள் வந்தபோது, வாசலிலேயே மணந்தது. இறால் தொக்கு, வஞ்சிரம் வறுவல். குழம்பு சிம்மில் கொதித்துக்கொண்டிருந்தது. வீடு இருட்டாக இருந்தது. ஸ்விட்சைத் தேடிய அவள் கையை வெற்றி பிடித்துக்கொண்டான்.

"லைட்டு போடாத. இன்னிக்கி மெழுகுவத்திதான்."

சௌமியாவுக்கு அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. தெருவிளக்கு வெளிச்சத்திலேயே புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நடுவில் கேக், பக்கத்தில் சிவப்பு மெழுகுவர்த்தி. இரண்டு பேருக்கும் பேச அவ்வளவு இருந்தது. ஒரு மாதமாகப் பேசாத பேச்சு.

நடுவில் அந்த வாடை வந்தது. கம்பெனிக்காரன் திறந்துவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே வெற்றி எழுந்து ஜன்னல்களைச் சாத்தினான். பூமாரி வீட்டு ஜன்னலும் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. தினமும் நடப்பதுதான்.

திரும்பி வந்து மெழுகுவர்த்தியைக் கிட்டே இழுத்து, தீப்பெட்டியைத் திறந்தான்.

கதவு படீரென்று திறந்தது. வாசலில் கோவிந்தம்மா.

வந்த வேகத்தில் தீப்பெட்டியைப் பிடுங்கினாள். மகன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். கேக் தரையில் விழுந்தது. ஒரு கையில் மகன், ஒரு கையில் மருமகள், தரதரவென்று படியில் இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் தள்ளினாள்.

தெருவே கூடிவிட்டது. புதுப் புடவையும் வெறுங்காலுமாக நின்ற சௌமியா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு நாளு கேட்டேன். அதுகூட உங்களுக்குப் பொறுக்கலியா அத்தே?"

பூமாரி உடனே கட்சி மாறினாள். சின்னஞ்சிறுசுகள் சந்தோஷமாக இருந்தால் பெரியவர்களுக்கு வயிறு எரியலாமா என்று எல்லோருக்கும் கேட்கும்படி நியாயம் பேசினாள்.

வெற்றி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வளர்ந்த பிறகு அம்மா கை நீட்டியதே இல்லை. அவமானத்தில் அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

"நாளைக்கே காசிமேட்டுக்குக் கெளம்பு. இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத."

கோவிந்தம்மா வாயைத் திறந்தாள். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வலிக்கிற காலை இழுத்து இழுத்துத் திரும்பவும் மாடி ஏறினாள். இவர்களைத் தெருவில் விட்டுவிட்டு அவள் போய்ச் சாப்பிடப் போகிறாள் என்றாள் பூமாரி.

மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கொஞ்ச நேரத்தில் பூமாரிதான் முதலில் மூக்கைச் சுளித்தாள். பிறகு மற்றவர்கள். தினமும் முகர்கிற அதே வாடை. ஆனால் இன்று கம்பெனிப் பக்கமிருந்து வரவில்லை. வெற்றியின் வீட்டு ஜன்னலிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது.

வெற்றி அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டான். லாரிக்குப் பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தாலே அடிக்கப் பாய்கிறவன் அவன்.

கோவிந்தம்மா இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள். தீப்பெட்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"கொழம்பு பொங்கி அடுப்ப அணைச்சிட்டுக் கீது. காஸ் மட்டும் வந்துகினே இருந்துது. மூடிட்டேன்" என்றாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "தெருவுல இல்லாத வாட மாடிப்படில எப்பிட்றா அடிக்கும்?"

பூமாரியை அங்கே காணவில்லை. இன்னொரு நிமிடம் போயிருந்தால் என்று நினைத்ததுமே சௌமியா வெடித்து அழுதாள். மாமியாரின் காலடியில் உட்கார்ந்து, அழுகைக்கு நடுவே கேட்டாள்.

"நீங்க கோயில்லதான இருந்தீங்க? ஏன் அத்தே அதுக்குள்ள திரும்பி வந்தீங்க?"

கோவிந்தம்மா இடுப்பில் செருகியிருந்த வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே மல்லிகைப்பூ நசுங்கிப்போயிருந்தது.

"எம் புள்ளைக்கு சமைக்கத் தெரிஞ்சிது, பொண்டாட்டிக்குப் பூ வாங்கத் தெரியல. கதவாண்ட வெச்சிட்டு, சத்தம் போடாம போயிடலாம்னுதான் வந்தேன்."