பச்சை மை

"கம்ப்யூட்டரம்மா, உங்க மேல புகார் வந்திருக்காம். முதலாளி கூப்பிடுறார்," என்றார் ஸ்டோர் கீப்பர். முகத்தில் துக்கம் ஒன்றும் பெரிதாக இல்லை.

அந்த அட்டைப்பெட்டி ஆலையில் அவள் ஒருத்திதான் பெண். ஆலை வேலை மொத்தத்தையும் ஒரே சாஃப்ட்வேரில் கொண்டுவர வந்தவள். வந்து பல மாதம் ஆகியும் ஒரு ஆள் அதைத் தொடவில்லை. கேட்டால் ஒரே பதில்: முதலாளியின் பச்சை மைக் கையெழுத்து அதில் விழாதே. பச்சை மை விழாமல் அங்கே ஒரு ஆணிகூட அசையாது. இந்த மாதமும் இப்படியே போனால் சாஃப்ட்வேரையும் அவளையும் சேர்த்தே மூட்டை கட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அறையில் மேனேஜர் கைகட்டி நின்றிருந்தார். புகார் சாஃப்ட்வேரில்தான் வந்திருக்கிறது, பெயர் இல்லாமல். அவளுக்குத் திமிர், பச்சை மையைக் கேலி செய்கிறாள் என்பது வரை அவருக்குத் தெரிகிறது. மீதியை முதலாளிதான் திறந்து படிக்க முடியும்.

"பிரிண்ட் எடுய்யா. இப்பவே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுறேன்."

"நீங்க உள்ள போய்த் திறந்தாதான் சார் பிரிண்டே வரும்," என்றாள் அவள்.

முதலாளி அவளை முறைத்தார். "எப்படிப் போறது?"

தன்னை வெளியே அனுப்பும் வழியை அவளே சொல்லிக்கொடுத்தாள். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அவர் உள்ளே போனார். புகார் அடியில் கிடந்தது. அதற்கு மேலே, ஆளாளுக்கு நடையில் நின்று புலம்பியதை எல்லாம் அவர் அனுமதிக்காக அவள் ஏற்றி வைத்திருந்தாள்.

"மூணாவது மெஷின் பெல்ட் இல்லாமதான் நிக்குதா? ஏன்யா சொல்லல?"

அன்றைக்கு ஐயா முகம் சரியில்லை என்று மேனேஜர் இழுத்தார்.

"உங்ககிட்ட எப்பவோ வந்திருச்சு சார்," என்றாள். "நீங்கதான் வரல."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி பெல்ட்டுக்கு அனுமதி கொடுத்தார். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. புகாருக்கு வந்து சேர்ந்தபோது, வேலையத்தவன் எழுதினது என்று தள்ளிவிட்டார். இனி எதுவானாலும் இதிலேயே வரட்டும் என்றார். பச்சைப் பேனா மூடி கழற்றாமலே கிடந்தது.

முதலாளியே உள்ளே போய்விட்டார் என்று தெரிந்ததும், சாப்பாட்டு மணிக்கு முன்பே அவள் மேசை முன்னால் கூட்டம். எல்லாரும் பாஸ்வேர்டை மறந்திருந்தார்கள். முதல் ஆள் ஸ்டோர் கீப்பர்.

"ஆனாலும்மா, அந்தப் புகாரை எழுதினவனைச் சும்மா விடக்கூடாது. ஒரு நல்ல பொண்ணு பொழப்புல மண்ணைப் போடப் பாத்திருக்கான்."

அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுதினவன் இல்லண்ணே," என்றாள். "எழுதினவ."