பம்பு அறைக்குக் காவல்

“அட்டையைக் காட்டினாத்தான் உள்ளே விடுவேன்.”

“நான் உங்க பொண்டாட்டிங்க.”

“தெரியும். அட்டை?”

மனைவி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கேட்டுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், பச்சைச் சீருடையும் தொப்பியுமாக நின்ற கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

அவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வட்டாரப் பாதுகாப்புப் படையில் தொண்டர். இன்று பயிற்சிப் போர். பக்கத்து வட்டாரத் தொண்டர்கள்தான் எதிரணி. எந்த வேஷத்திலும் வரலாம். பொழுது சாய்வதற்குள் அவர்களில் ஒருவர் குடிநீர் நிலையத்துக்குள் நுழைந்து, பம்பு மோட்டார்களின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டால் நிலையம் தகர்ந்ததாகக் கணக்கு.

இந்த கேட்டில் அவர் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். முதல் முறை ஒரு ஆம்புலன்ஸை விட்டார். அடுத்த முறை, தன் கடை வாடிக்கையாளர் ஒருவரைச் சிரித்த முகத்துடன் விட்டார். “இன்னொரு தடவை விட்டீங்கன்னா, துப்பாக்கியை வாங்கி வெச்சுக்கிட்டு வெங்காயம் உரிக்க அனுப்பிடுவேன்” என்று கேப்டன் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

“பிரஷர் மாத்திரையை மேஜை மேலயே வெச்சுட்டு வந்துட்டீங்க. கேட்டைத் திறங்க.”

“கூடையைக் கீழே வெச்சுட்டுத் தள்ளி நில்லு.”

“கட்டின பொண்டாட்டி மேலயே சந்தேகமா?”

“எதிரணி யாரை வேணும்னாலும் பேசி மடக்கியிருப்பாங்க.”

“என்னையா? இத்தனை வருஷமா உங்களாலயே முடியலை!”

பக்கத்தில் நின்றிருந்த மீசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வழக்கமாக உடன் நிற்கும் கொத்தனாருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வந்திருந்த இவர் எதற்கும் சிரிக்கிற ஆள்.

“நீங்களாவது சொல்லுங்க தம்பி. வெயில் மண்டையைப் பிளக்குது. அந்த நிழல்ல கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போயிடறேன்.”

“கோவிச்சுக்காதீங்க அண்ணி. இன்னிக்கு அவரைப் பெத்தவங்களே வந்தாலும் இதே கதைதான்” என்ற மீசைக்காரர், கண்ணாடிக்கடைக்காரரின் காதருகே குனிந்தார். “அண்ணே, நம்மை இங்க பேச்சுல பிடிச்சு வெச்சுட்டுப் பின்பக்கம் சுவரேறினாலும் ஏறுவாங்க. நான் ஒரு சுத்து பார்த்துட்டு வரட்டுமா?”

“நல்ல யோசனை. போயிட்டு வாங்க. இங்க நான் பார்த்துக்கறேன்.”

மனைவி கெஞ்சிப் பார்த்தாள். பிறகு திட்டினாள். அவர் அசையவில்லை.

“வீட்டுக்கு வருவீங்கல்ல? அங்க நான் கேக்கறேன் அட்டையை!” கூடையைத் தரையில் வைத்துவிட்டு வேகமாக நடந்தாள்.

மீசைக்காரர் கைகளைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்தார். “பின்பக்கம் ஒரு குருவிகூட இல்லைண்ணே. அண்ணி போயிட்டாங்களா?”

“போயிட்டா.”

“கல் மனசுண்ணே உங்களுக்கு. நானா இருந்தா திறந்திருப்பேன்.”

மத்தியானத்துக்கு மேல் மீட்டர் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். அட்டை காட்டினார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன மீட்டர் என்று கண்ணாடிக்கடைக்காரர் அவரையும் விரட்டினார். மாத்திரை கேட்டுக்கு வெளியே கூடையிலேயே கிடந்தது. எட்டி எடுக்கக்கூட அவர் கேட்டைத் திறக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. சங்கு ஊதியது. ஜீப்பில் வந்து இறங்கிய கேப்டன் நேராக அவரிடம் வந்தார்.

“யாராவது உள்ளே வந்தாங்களா?”

“ஈ காக்கா வரலை சார். என் மனைவியையே விடலை.”

கேப்டன் பம்பு அறைக்குள் போய்விட்டுத் திரும்பினார். “எல்லா மோட்டார் மேலயும் பெருக்கல் குறி இருக்கே?”

“இருக்கவே முடியாது சார்! இந்த இடத்தை விட்டு நான் நகரவே இல்லை. இதோ, இவரும் காலையிலேருந்து கூடவே இருக்கார். கேட்டுப் பாருங்க.”

கேப்டன் மீசைக்காரரைப் பார்த்தார். “யார் இவர்?”

“கொத்தனாருக்குக் காய்ச்சல்னு நீங்க அனுப்பினவர் சார்.”

“நான் யாரையும் அனுப்பலையே” என்றார் கேப்டன். “கொத்தனாரைக் காலையில வர்ற வழியிலயே பிடிச்சுட்டாங்களாம், இப்பத்தான் தகவல் வந்தது. எதிரணி முகாம்ல உட்கார்ந்து சீட்டு ஆடிக்கிட்டிருக்கார்.”